முப்பத்தெட்டாம் மனை வாசல்

பணகுடிக்குக் கிழக்கே
நுழைவு வளைவோடு நின்றுபோன ஒரு நகர்.
பெயர்ப்பலகையில் பாதியைக் காற்று தின்றுவிட்டது.
உள்ளே நூற்றிருபது மனைக்கல், ஒரே ஒரு தார் ரோடு.
நாற்பத்தோராம் கல் என்னுடையது.
பி.எஃப். பணத்தை உடைத்து வாங்கினேன்.
கம்பெனிக்காரன் போய்விட்டான்,
ரோட்டை எடுத்துப்போக முடியவில்லை.
அதன் மேற்குக் கடைசியில் உடைமரம், முள்,
மாடக்கண்ணுவின் ஆட்டுக்கிடை.

ஜெட் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஓர் ஆள் நீட்டிப் படுத்த நீளம்.
வயிற்றில் மண்ணெண்ணெய்.
என்ன விலை என்று என் வீட்டில் கேட்காதீர்கள்.

விசிறி வைத்த விமானத்தில் விசையைக் குறைத்தால்
விசிறியே காற்றைப் பிடித்து நிறுத்தும்.
இதற்கு அந்த நல்ல புத்தி கிடையாது.
தீயை எவ்வளவு சிறிதாக்கினாலும்
பின்னாலிருந்து ஒன்று நெட்டிக்கொண்டே இருக்கும்,
கல்யாணப் பந்தியில்
நம் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறவர்களைப் போல.

முதல் தடவை கிடைக்குள் போனது.
குட்டிகள் சிதறின. முன்சக்கரம் கிடைக்கவே இல்லை.
இரண்டாம் தடவை
மெதுவாக, இன்னும் மெதுவாக என்று மூக்கைத் தூக்கினேன்.
இடது இறக்கையின் நுனி முதலில் செத்தது.
அப்புறம் மற்றதெல்லாம்.

பறவையைப் பார்த்துக் கற்றேன் என்றால் அழகாயிருக்கும்.
கூந்தன்குளம் கரையில் ஒரு ஞாயிறு முழுக்க நின்றேன்தான்.
கூழைக்கடா எனக்கென்று எதுவும் சொல்லவில்லை.
விரல் இடுக்கில் காய்ந்த பசைதான் சொன்னது.

ராத்திரி, சாப்பாட்டு மேசை.
மகனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானி.
உள்மடல் இரண்டும் கீழே, அறுபது பாகை.
வெளிமடல் இரண்டும் மேலே, இருபது.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றே
பிறந்தது முதல் இருந்தவை வெளிமடல்கள்.
இன்றுதான் சேர்ந்து எழுந்தன.
ஒரே இறக்கையில் பாதி தூக்கு என்கிறது,
பாதி விடு என்கிறது.
நுனி சாகாமலிருக்க இந்தச் சண்டை வேண்டும்.
வால் மடலுக்கு மட்டும் மூன்று மில்லிமீட்டர் கீழே:
நீ மூக்கைப் பார்த்துக்கொள்.

காலையில் தவசிக்கனி வந்தாள்.
காற்றாலையில் மெக்கானிக், நைட் ஷிப்ட் முடித்த கண்.
"என்னட்டி, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ?
ஒடஞ்சு கெடக்கோன்னு நெனச்சேன்."
"நிறுத்தறதுக்கு."
"எங்க எறக்கையையும் அப்படித்தான்
திருப்பி வச்சி நிறுத்துவோம்," என்றாள். உட்கார்ந்தாள்.

அன்று பார்த்து எதிர்க்காற்று இல்லை.
கணவாய் வாயை மூடியிருந்தது.
மலையடி வரைக்கும் ஒரு காற்றாலையும் சுற்றவில்லை.
காற்று இருந்தால் பாதி வேலையை அது செய்யும்.
இல்லாத நாளில்தான் கணக்கு சரியா என்று தெரியும்.

வளைவுக்கு மேலே திரும்பி வந்தது.
சுவிட்சைத் தட்டினேன்.
வானத்தில் யாரோ அதன் சட்டையைப் பிடித்தார்கள்.
மூக்கு ஒரு கணம் யோசித்தது, பிறகு தாழ்ந்தது.
சத்தம் இருக்கிறது, வேகம் இல்லை.
இதுவரை இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.
நூற்றுப் பதினான்காம் கல்லில் சக்கரம் தொட்டது.
தொண்ணூறு. எழுபத்திரண்டு.
ஐம்பத்தைந்தில் இன்னும் ஓடுகிறது.
என் மனையைத் தாண்டியது,
கட்டாத என் சமையலறை, என் முருங்கை, எல்லாவற்றையும்.

முப்பத்தெட்டில் நின்றது.
யார் மனையோ. மதுரைக்காரர் என்று கேள்வி.
பாதிப் பணம் கட்டியவராம்.

"நின்னுட்டுல்லா!" என்றார் மாடக்கண்ணு,
கிடையின் படலைப் பிடித்திருந்த கையை எடுக்காமல்.

சுவிட்சைத் திருப்பினேன்.
மடல்கள் இறக்கையோடு படிந்தன.
ஒரு கிடா வந்து வாலை முகர்ந்து
மண்ணெண்ணெய்க்குத் தும்மிவிட்டு
மதுரைக்காரரின் கல்லில்
கொம்பைத் தேய்க்க ஆரம்பித்தது.