சேதாரம்

மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள்.
இருபத்தாறு வருஷத்து மெட்டி, சோப்புக்கும் மசியவில்லை.
சிவதாபுரத்துப் பட்டறைக் கை இது;
குறடு இல்லாமலே விரித்து
மாத்திரைக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.
காந்த மிஷினுக்கு உலோகம் ஆகாதாம்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே யாரோ ஒருத்தியின் கால்கள்.
குழாய் வைத்து, சுற்றித் துணி அடைத்து,
"அசையாதீங்க பாவாயி,
இம்மி நகர்ந்தாலும் எடுத்த படம் வீண்."
இது மூணாவது செவ்வாய்க்கிழமை.

அசையாமல் இருப்பது எனக்கென்ன புதுசா?
கண்ணியோடு கண்ணி சேர்க்கும்போது
மூச்சை அளந்துதான் விடுவேன்.
பொடி வைத்து ஊதணும்.
பற்ற வேண்டிய இடத்தில் மட்டும் பற்றணும்.
பக்கத்துக் கண்ணி உருகினால்
அன்றைக்குக் கூலி போச்சு.

இரண்டு மணி நேரம் கணக்குப் போட்ட ஷமீமா
திரையை என் பக்கம் திருப்பினாள்.
ஏற்காட்டுப் பேரிக்காயைப் பிளந்து வைத்த மாதிரி
சாம்பல் நிறத்தில் நான்.
சிவப்புக் கோட்டுக்குள்ளே கட்டி,
மஞ்சளுக்குள்ளே மூத்திரப்பை,
பின்னால் பழுப்பில் மலக்குடல்.
"அரிசியைவிடச் சின்னதா ஒண்ணு
இந்தக் குழாய் வழியா உள்ளே வரும்.
இங்கே பதினோரு நொடி நிற்கும், இங்கே நாலு,
இந்த இடத்தில் நிற்கவே நிற்காது."

செய்கூலி அரசாங்க அட்டையில் போய்விடுகிறது.
அதனால் இதை மட்டும் கேட்டேன்:
"சேதாரம் எவ்வளவும்மா?"

அவள் சிரிக்கவில்லை.
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"மஞ்சளுக்குள்ளே கொஞ்சம் போகும், எல்லை தாண்டாது.
நாள் கழித்து எரிச்சல் வரலாம்,
ரத்தம்கூட வரலாம்.
வராமலும் போகலாம்."

செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கடைக்காரரும்
என்னிடம் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

எல்லோரும் வெளியேறினார்கள்.
அவள்தான் கடைசி.
ஒரு சாண் கனத்துக் கதவு
மெதுவாக, மெதுவாக மூடுகிறது.
கூரை மூலையில் கேமரா. அதற்குக் கீழே ஒரு குரல்:
"ஏதாவது வேணுமா பாவாயி?"

வேணும் என்று எதைச் சொல்ல.
பட்டறையில் ஆடிக்கு நாற்பது ஜோடி பாக்கி.
கால் மரத்துக் கிடக்கிறது, தாகமாக இருக்கிறது.

"உங்க இடது கால் கொலுசு,
கொக்கியிலிருந்து மூணாவது கண்ணி விட்டிருக்கு.
நடக்கையில் சத்தம் பிசகுது.
இன்னிக்கு விழுந்துடும், கழற்றி வையுங்க."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
குனிந்து பார்க்கிறாள் போல.

பிறகு கம்பி நகரும் ஓசை.
சூடு இல்லை, புகை இல்லை.
ஒன்று, இரண்டு என்று
நானும் எண்ண ஆரம்பித்தேன்.