இருபது நிமிடம்

பத்து நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும்
என்றிருந்தது மஞ்சள் தாளில்.
ஒன்பதாம் நாள் தபால் நிலையத்துக்கு நடந்தேன்.
மூன்று மைல், எதிர்க்காற்று.
பிக்கப் வண்டி கொட்டகையில் நின்றது
டயரில் பீட் வயலின் மண் காய்ந்தபடி.

விசாரணை என்றால் கூண்டும் சுத்தியலும் என்றிருந்தேன்.
சமையலறை மேசையில் தொலைபேசி, அவ்வளவுதான்.
பிஸ்மார்க்கிலிருந்து அதிகாரி,
எங்கோ காரை ஓரங்கட்டி என் வக்கீல் டெல்ஃபீன் கெஸல்,
இருமிக்கொண்டே டெபுடி ரோல்ஃப்,
நான்.
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள்.
ஆரின் ஹாக்ஸ்டட்.
ஐம்பத்திரண்டு வருடம் போட்டிருந்ததை
பொத்தான் பொத்தானாகக் கழற்றிக் கொடுத்தேன்.

குடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் வாயைத் திறக்காதே என்றிருந்தாள் டெல்ஃபீன்.
கேட்கப்படாத அது
உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது
விசாரணை முழுக்க.

கேள்வி வேறு.
கருவியில் ஊதுவதற்கு முன்
இருபது நிமிடம்
கண்கொத்திப் பாம்பாய் என்னைப் பார்த்திருக்க வேண்டுமாம்.
ஏப்பம் விட்டேனா, எதுக்களித்தேனா,
எதையாவது மென்றேனா.
பார்த்தீர்களா, டெபுடி?
பார்த்தேன்.
முழுக்கவா?
முழுக்க.
அப்படியானால் நாய்க்குத் தண்ணீர் வைத்தது யார்?

ஸ்பீக்கரில் இருமல்கூட இல்லை.

ரோந்துக் காரின் பின்னிருக்கையில் கஸ் இருந்தது.
கிழட்டு நாய், இரைப்பு வேறு.
காகிதக் கோப்பையை நிரப்பிக்கொண்டு
பனியில் இறங்கிப் போனார் ரோல்ஃப்.
ஐந்து நிமிடம். ஆறாகவும் இருக்கலாம்.
அந்த இரக்கத்தைத்தான் டெல்ஃபீன்
வாசல் கேமராவிலிருந்து தோண்டியெடுத்து
மூன்றாம் ஆவணம் என்று பெயரிட்டு வைத்தாள்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு.
மூச்சு போகாது.
கருவி அதை அச்சடித்து வைத்திருந்தது:
புள்ளி ஒன்று நான்கு.
எண் பொய் சொல்லவில்லை.
அது எனக்குத் தெரியும், ரோல்ஃபுக்குத் தெரியும்,
உப்புக் குப்பிக்குத் தெரியும்.

அவர்கள் கடிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கடைசியாக என்னை இருபது நிமிடம்
கண்ணெடுக்காமல் பார்த்தது யார்?
முடிவெட்டுபவர் பன்னிரண்டு, அதுவும் பிடரியை.
கேரன் கிளம்பிய அன்று
பெட்டியின் ஜிப்பைப் பார்த்துத்தான் பேசினாள்.
மதுக்கடையில் கோப்பையின் அளவைப் பார்ப்பார்கள்.
சட்டம் கேட்பது பெரிய விஷயம், ரோல்ஃப்.
உன்னால் முடியாமல் போனதில் தப்பில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
இடைநிறுத்தம் ரத்து. இரண்டே வரி.
குற்ற வழக்கு வேறு கோர்ட்டில், ஜனவரியில்.
டெல்ஃபீன் போனில் சிரித்தாள், பில் அனுப்பினாள்.
ஜெயித்துவிட்டேன் என்று கஸ்ஸிடம் சொன்னேன்.
அது கோப்பையைத் தேடியது.

ஆர்வில்லாவின் தபால் பெட்டி
எந்த ஆவணத்திலும் இல்லை.
அன்றிரவு நான் சாய்த்தது.
பெட்டி பள்ளத்தில், கம்பம் இரண்டாக.
பத்தடி தள்ளி அவள் வீட்டுப் படி;
காலை ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகள்
பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் படி.

லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது.
புதுக் கம்பத்தைத் தோளில் வைத்து நடந்தே போனேன்.
மண் உறைந்து கிடந்தது, கடப்பாரைக்கே கை வலித்தது.
ஜன்னலில் ஆர்வில்லா
காப்பிக் கோப்பையோடு.
வெளியே வரவில்லை.
உள்ளேயும் போகவில்லை.
காப்பியில் ஆவி எழுந்தது, நின்றது,
அவள் கண்ணை எடுக்கவில்லை.

குழியில் சரளை போட்டேன். மிதித்தேன்.
கம்பத்தோடு ரசமட்டத்தைச் சேர்த்துப் பிடித்தேன்.
குமிழ் இந்தப் பக்கம் ஓடியது,
அந்தப் பக்கம் ஓடியது.
நடுவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.
அவளும்.