பதினேழாவது துண்டு

கனகபுரம் வீதிப் படச்சட்டக் கடையில்
கண்ணாடி வெட்டக் கொடுத்தேன்.
இரண்டு சென்ரிமீற்றர் சதுரம், நாற்பது துண்டு.
"இந்தச் சின்னனிலை ஆற்றை படம் வைக்க?"
என்றாள் மெரில்டா.
படம் இல்லையடி, வெளிச்சம் பூச.
வெட்டுமுனையை மண்ணெண்ணெயில் தோய்த்தாள்,
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அறிவியல் நகரில் அன்று ஈரப்பதன் எண்பத்தொன்று.
சீசியம் புரோமைட்டு, ஈயப் புரோமைட்டு,
ஒலியிக் அமிலம் கொஞ்சம்:
கரைந்தபின் பார்வைக்கு வெறும் தண்ணீர்.
ஊசியால் தொலுயீனுக்குள் விட்ட கணம்
குடுவை முழுக்கப் பச்சை திரண்டது.
எந்த வயலிலும் இல்லாத பச்சை.
பொலிஸ்காரன்ரை மழைச்சட்டை, என்றாள் சுலக்சி.

பிறகு சுழற்சி.
பழைய கணினி விசிறியில் நாங்களே கட்டிய மெசின்,
நிமிடத்துக்கு இரண்டாயிரம்.
நடுவில் விழுந்த துளி
ஓரத்துக்கு ஓடி, ஓடியது தெரியாமல் மெலிந்து
மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்த தடிப்பில் நின்றது.

நின்றது என்று இப்போது எழுதுகிறேன்.
முதலாவது வெடித்தது. ஐந்தாவது தேமல்.
ஒன்பதாவது சுழலும்போது கரண்ட் போனது.
பன்னிரண்டில் சுலக்சி தும்மினாள்.

பதினேழு எரிந்தது.
கள்ளத்தாள் பிடிக்கும் ஊதா ரோச்சின் கீழே
வயரில்லாமல், சூடில்லாமல்;
மேசை, கையுறை, அவளுடைய மூக்குத்தி எல்லாம் பச்சை.
மூச்சை அடக்கிக்கொண்டோம்,
பக்தியால் அல்ல,
மூச்சிலும் ஈரம் இருக்கிறது.

கழிவைப் போத்தலில் அடைத்துத் திகதியிட்டுப் பூட்டினேன்.
இந்த மண்ணுக்கு
இருக்கிற ஈயம் போதும்.

மெரில்டாவிடம் காட்டப் பதினேழைக் கொண்டுபோனேன்.
கல்லாவிலிருந்து தன்னுடைய ரோச்சை எடுத்தாள்.
அவள் உள்ளங்கையில் பச்சை குந்தியது.
சுவரில், சட்டம் போட்டு முடிந்தும்
எடுத்துப்போக ஆள் வராத முகங்கள்.
"எத்தினை நாளைக்கு நிக்கும்?"
மழை இறங்கும் மட்டும்.

அவள் இன்னொரு துண்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள்.
நாலு ஓரத்துக்கும் சிலிக்கோன் இழுத்தாள்,
படத்துக்குள் ஈரம் ஏறாமல்
பத்து வருசமாய் இழுக்கும் அதே இழுவை.
காசு வாங்கவில்லை.

இன்று கார்த்திகை பதினொன்று.
இரணைமடுவில் கதவு திறந்துவிட்டார்களாம்.
பதினேழு இன்னும் எரிகிறது.
குறிப்பேட்டில் 'உறையிட்ட முறை' என்ற கட்டத்தில்
மெரில்டா என்று எழுதியிருக்கிறேன்.
பக்கத்தில் மேற்பார்வையாளர்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார்.