இரவு பதினொன்றுக்கு ஹெக்சமின்

கென்ட் ரிட்ஜ் ஆய்வகத்தில்
கண்ணாடிக் கதவை முழங்கை வரை இறக்கிவிட்டு
வெள்ளைத் தூளை எடைபோடுகிறேன்.
லேசான மீன்வாடை.
ஷு வென் மூக்கைச் சுளிக்கிறாள்:
"உன் கருவாடு வந்தாச்சு."

இது யாரும் கட்டாத கூண்டு.
ஃபார்மலினையும் அம்மோனியாவையும்
ஒரே குவளையில் ஊற்றினால் போதும்,
தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்.
மூலைக்கொரு நைட்ரஜன்,
விளிம்புக்கொரு கார்பன்.
உள்ளே
அடைத்துவைக்க எதுவுமில்லை.

போன வாரம் பென்சைல் புரோமைடு.
அம்மோனியாவிடம் நேரே அனுப்பியிருந்தால்
ஒன்றோடு விடாது,
இரண்டு, மூன்று என்று வாரிக்கொள்ளும்.
இதுவோ நான்கு கை இருந்தும்
ஒரு கையால் மட்டும் பிடித்தது.
குளோரோஃபார்மின் அடியில்
உப்பாய்ப் படிந்து காத்திருந்தது.
அமிலம் ஊற்றினேன்.
பிடித்த கையை மட்டும் விட்டுவிட்டுக்
கலைந்து போனது.

இன்று ஃபீனாலின் முறை.
சூட்டில், கடும் அமிலத்தில் கூண்டு திறந்து
வளையத்தின் ஓரத்தில்
ஒரு கார்பனை ஒட்டிவைக்க வேண்டும்.
நாளை தண்ணீர் சேர்த்தால் ஆல்டிஹைடு,
அதிர்ஷ்டம் இருந்தால்.
மூன்று முறை செய்தாயிற்று.
முப்பத்தொரு சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை.
ஒன்றைக் கொடுக்க
ஐந்தை வீணாக்குகிறது என்கிறார் பேராசிரியர்.
கணக்கு சரிதான்.

தெக்கோங் முகாமிலிருந்து தம்பி இளமாறன் அழைக்கிறான்.
நேற்றுக் காட்டுப் பயிற்சியில் மழையாம்,
மெஸ் டின்னுக்கு அடியில் வைத்த வெள்ளை வில்லை
ஏழாவது தீக்குச்சிக்குத்தான் பிடித்ததாம்.
"அது என்ன சாமானு அக்கா? மீன் நாத்தம் வேற."
சொன்னேன்.
"நீ படிக்கிறதும் நான் கொளுத்துறதும்
ஒண்ணேதானா?
அப்ப எதுக்கு ஆறு வருசம் படிக்கிற?"

அவனிடம் முழுதாய் எரிந்து
ஒரு பொட்டலம் நூடுல்ஸை வேகவைத்திருக்கிறது.
சாம்பல்கூட இல்லை என்றான்.
என் கழிவுப் புட்டியோ
கழுத்துவரை நிரம்பியிருக்கிறது.
பதில் சொல்வதற்குள்
விளக்கணைக்கும் நேரம் என்று வைத்துவிட்டான்.

எண்ணெய்த் தொட்டி தொண்ணூறைத் தொட்டது.
கரைசல் மஞ்சளானது,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
தேன் நிறம்.
முந்தைய மூன்றும் இப்படித்தான் ஆசை காட்டின.
பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிட்டுக்
கடைசி ரயிலுக்கு ஓடினேன்.

கிளமெண்டியில் ஏறிய அம்மாள் ஒருவர்
பக்கத்தில் உட்கார்ந்தார்,
என் விரல்களைப் பார்த்தார்,
ஓர் இருக்கை தள்ளிப் போனார்.
மீன் கழுவிவிட்டு வருகிறேன்
என்று நினைத்திருப்பார்.
கையுறை போட்டுத்தான் செய்தேன், அம்மா.