தாழ்ப்பாள்

ராயக்கோட்டை மண்டியிலிருந்து
தக்காளி லாரியில் வந்திறங்கினாள். இரவு இரண்டே கால்.
ஓட்டிவந்தவர் கேட்டைத் தாண்டவில்லை.
"ஆம்பள நான் எதுக்குங்க" என்று
உள்ளே விளக்கு எரியும்வரை
இன்ஜினை அணைக்காமல் நின்றார்.

படிவத்தில் பதினாறு கேள்விகள்.
பெயர், முனிரத்னம்மா.
வயது தெரியாது என்றாள். பிறகு, இருபத்தாறு.
அடித்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில்
பேனாவை நான்தான் மூடிவைத்தேன்.
தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள்.
எனக்குத் தெரிந்த தெலுங்கு
கிருஷ்ணகிரி சந்தையில் காய் வாங்கத்தான் ஆகும்.

கட்டைப்பைக்குள் ஒரு சேலை,
ரேஷன் கார்டு, ஒற்றைக் கொலுசு.
டாக்டரம்மா காலையில் வருவாங்க,
போலீஸ் நீ சொன்னால் மட்டும்,
வக்கீலுக்குக் காசு வேண்டாம்...
நான் ஒப்பித்துக்கொண்டே போக
அறையைச் சுற்றிப் பார்த்தவள்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அக்கா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

உள்பக்கம்.

போட்டாள். எடுத்தாள்.
மறுபடி போட்டாள்.
வெளியே நின்று அந்தச் சத்தத்தை
எத்தனை தடவை கேட்டேனோ.

இப்போது மணி பத்து.
ஆபீஸிலிருந்து இரண்டு முறை போன்,
படிவம் முடிந்ததா என்று.
தூங்குகிறாள் சார் என்றேன்.
எழுப்புங்கள் என்றார்.
கதவு அவளிடம் இருக்கிறது என்றேன்.

டீ போட வேண்டும்.
பால் இல்லை, வாங்கி வர வேண்டும்.