நாற்பத்து மூன்று சதவீதம்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
கணினி எழாமல் மூன்றாம் நாள்.
தார்ப்பாய்க்கு அடியில் நெல் புழுங்குகிறது.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன்.
கோப்பு கோப்பாகத் தொட்டுப் பார்த்துப் போன சிஸ்டம்
நாற்பத்து மூன்றில் நின்றது.
"பதினேழு ஈரத்தைத் தாண்டுனா எங்களைத் திருப்பி அனுப்புறீங்க,
இதுக்கு மட்டும் நாப்பத்து மூணா?"
பக்கிரிசாமி கேட்டார்,
முப்பத்தாறு மூட்டைக்காரர்.
கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தார்கள்.

அகப்பட்டது ஒன்று.
அதே பெயர், அதே அளவு.
தேதி மட்டும் ஆடிப்பெருக்கு,
இரவு இரண்டு பத்து.
சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த தைலாம்பாள்
எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டு,
"நெல்லுச் சக்களத்தி" என்றாள்.
கதிர் வரும்வரை பயிர்தான் அது.

சரிசெய்ய முடியவில்லை என்று
சிஸ்டம் கைவிரித்தது.
பென் டிரைவிலிருந்த அசலை
அந்த இடத்தில் வைத்தேன்.
எழுந்தது. பிரிண்டர் இருமியது.

முதல் மூட்டையில் குத்தூசி இறங்கி
கைப்பிடி நெல் வந்தது.
அதில் இரண்டு, வெள்ளையாய் முளை விட்டவை.
கிளார்க் திரும்புவதற்குள்
கட்டைவிரலால் சுண்டிவிட்டார் பக்கிரிசாமி.

நான் குனிந்து
ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.