குறிப்புப் பத்தி

இரண்டு மதிப்பெண் வினா:
செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமான போர் எது?
சோல்ஃபெரினோ என்று எழுதினேன். இரண்டும் கிடைத்தது.
அந்த ஊர் இத்தாலியில் இருக்கிறது என்பதற்குமேல்
எனக்கு எதுவும் தெரியாது.

கஜா அடித்த மூன்றாம் நாள்
நாட்டு நலப்பணி அறையின் ஓடு பறந்த இடத்தில்
வெளுத்த வானம்.
நனைந்த பதிவேடுகளைப் பெஞ்சுகளில் விரித்துப் போட்டோம்.
ஒன்றில் கசிந்த நீல மை: எழுபத்தேழு, நவம்பர்.
பெயர், ஊர், செய்த பணி, குறிப்பு.

வீ. தட்சிணாமூர்த்தி, பி.யூ.சி.
குடிநீர் சுமந்தது, பதினாறு நடை.
கு. பக்கிரிசாமி, செத்த மாடு புதைத்தது.
குறிப்பு: சோறு இறங்கவில்லை.
அ. சூசைமாணிக்கம், பிணம் எடுத்தது.
குறிப்பு இல்லை.

யாரையும் புகழ்ந்து ஒரு வரி கிடையாது.
கடைசிப் பக்கத்தில் மட்டும்
அவசரமான, கோணல் எழுத்து:
கயிறு போதவில்லை.
அடுத்த முறைக்கு அதிகம் வாங்கி வைக்கவும்.

அடுத்த முறை.
விரல் அங்கேயே நின்றது.
எட்டிப் பார்த்த நத்தர்ஷா சொன்னான்,
“இப்பவும் கயிறு இல்லடா.”

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் லாரியில் பேச்சு நின்றது.
தென்னை எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.
இளநீர்க் குலைகள் சேற்றில்.
நாங்கள் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டைகளில்
எங்கிருந்தோ யாரோ அனுப்பிய துணி:
கல்யாணக் கோட்டு ஒன்று,
ஜரிகை கிழிந்த பாவாடை,
வலது கால் செருப்பு மட்டும் ஏழு.
ஆரோக்கியசெல்வி இடது காலைத் தேடித் தேடி
சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் அழுதாள்.

நான்காம் நாள் எங்கள் ஊர் முகாம்.
டவர் சாய்ந்து கிடந்ததால்
அதுவரை வீட்டோடு ஒரு வார்த்தை பேசவில்லை.
தார்ப்பாய் நூற்றைம்பது. வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி
வாய்க்கால் வரை.
நூற்று நாற்பத்தேழாவது ஆளாக அம்மா.

பெயர்? என்றேன்.
“வைரக்கண்ணு.”
கணவர் பெயர் கேட்க வாயெடுத்து
நானே எழுதிக்கொண்டேன்.
வீட்டில் எத்தனை பேர்?
“மூணு. ஒருத்தன் வேலையா வெளிய போயிருக்கான்.”
சேதம் முழுசா, பகுதியா?
படிவத்தில் இருக்கிறது, கேட்டாக வேண்டும்.
“முழுசா.”
அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

பேனா கொஞ்சம் நின்றது. பின்னாலிருந்து யாரோ,
“சீக்கிரம் தம்பி, மழ வருது.”
தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குனிந்து கேட்டாள்:
“நூத்தம்பத்தோராவது ஆளுக்கு என்ன சொல்லுவ?”
பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டாள்.

இரவு ஜெனரேட்டரில் ஏறிய கொஞ்சம் சார்ஜில்
ஆரோக்கியசெல்வி சத்தமாகப் படித்தாள்.
போர் முடிந்த பின் அடிபட்டவர்கள்
பக்கத்து ஊர்க் கோயில்களை நிறைத்தார்களாம்.
எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று கேட்காமல்
ஊர்ப் பெண்கள் கட்டுப் போட்டார்களாம்.
ஊற்றிலிருந்து வாளிவாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தது
சின்னப் பையன்கள்.

“பேரு போட்டிருக்கா?”
“இல்ல.”
“எத்தன நடைன்னு?”
“அதுவும் இல்ல.”
நத்தர்ஷா தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டான்.
அன்று அவன் சுமந்தது முப்பத்தொரு குடம்.
வினாத்தாளில் யாரும் கேட்கமாட்டார்கள்.

சான்றிதழுக்கு இருநூற்று நாற்பது மணி நேரம் வேண்டும்.
“இதுவரை எவ்வளவு ஆச்சு?” என்றார் சார்.
“தூங்கினதக் கழிக்கணுமா சார்?”
அவர் கணக்கை மூடிவிட்டு
மெழுகுவத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

நூற்றைம்பத்தொன்று தொடங்கி இருநூற்றெட்டு வரை
ஒவ்வொரு பெயராக எழுதினேன்.
நாளைக்கு முதல் லாரி இவர்களுக்கு.
பிறகு என் பெயர், ஊர், செய்த பணி.
குறிப்பு என்ற கட்டத்தை
நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே கூரையில்லாத ஊரில்
தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

கயிறு போதவில்லை, என்று எழுதினேன்.